விலகிப்போனவர்கள் ஒருநாளும் விசுவாசிக்கவில்லை என்று போதிக்கும் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமார்களே, அம்மாமார்களே,

உங்களில் யாரோ ஒருவரைக் குறிவைத்து இதை எழுதவில்லை. 'விசுவாசத்தை விட்டுப் போனான் என்றால் அவனுக்கு விசுவாசம் இருந்ததே இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் பக்கம் திருப்புகிற எல்லாப் போதகர்களுக்கும், வேதபாடம் எடுக்கிறவர்களுக்கும், வாலிபர் கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஆட்களில் நானும் ஒருவன். எனக்கு இன்று கடவுள் நம்பிக்கை இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. 'ஒரு காலத்தில் இருந்தது' என்பதைத்தான் நீங்கள் பொய் என்கிறீர்கள்.

நான் விலகியது சரி என்று உங்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக இதை எழுதவில்லை. தவறான முடிவெடுத்துவிட்டேன், ஏமாந்துபோனேன், பெருமை பிடித்து அலைகிறேன், நேரே நரகத்துக்குத்தான் போவேன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் போதனைப்படி அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேட்டுவிட்டு நான் பதில் சொல்வேனா சும்மா இருப்பேனா என்பது என் பாடு. அதெல்லாம் இன்றைய என்னையும் நாளைய என்னையும் பற்றிய பேச்சு. இந்த ஒரு வரியில் மட்டும் நீங்கள் என் கடந்த காலத்தில் கை வைக்கிறீர்கள். நான் முழங்காலில் நின்ற ராத்திரிகளில் எனக்குள் என்ன நடந்தது என்பதை, அங்கே இல்லாத நீங்கள் எனக்குச் சொல்லித் தருகிறீர்கள்.

செய்ததையெல்லாம் பட்டியல் போட்டு நிரூபித்துவிடலாமா என்று யோசித்தேன். உபவாசம், அதிகாலை ஜெபம், பாவ அறிக்கை, ஞானஸ்நானம், ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை வேதத்தை விடாமல் படித்தது, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது. அப்புறம் விட்டுவிட்டேன், ஏனென்றால் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் உங்களிடம் பதில் தயாராக இருக்கிறது. ஜெபித்தேன் என்றால் பரிசேயனும் ஜெபித்தான். ஊழியம் செய்தேன் என்றால் யூதாசும் பன்னிருவரில் ஒருவனாக அனுப்பப்பட்டவன்தான். அழுதேன் என்றால் மூத்த மகன் உரிமையை விற்ற ஏசாவும் அழுதான். சந்தோஷமாக இருந்தேன் என்றால் அது வெறும் உணர்ச்சி. எந்தச் சாட்சியும் செல்லாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு நடத்துகிற விசாரணையில் போய் நான் எதற்குச் சாட்சி தேட வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இன்று உங்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களை விசுவாசிகள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இதே பட்டியலை வைத்துத்தான். அவர்களிடம் இதைத் தாண்டி வேறொன்றும் கிடையாது. என்னிடமும் இதுவேதான் இருந்தது, அன்றைக்கு நீங்கள் அதை ஏற்றுக்கொண்டீர்கள், மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவும் வைத்தீர்கள். கர்த்தர் உன்னை எடுத்துப் பயன்படுத்துகிறார் என்று என் தலையில் கை வைத்துச் சொன்ன அதே போதகர், நான் விலகியபின் என் அம்மாவிடம், அவனுடையது ஆரம்பத்திலிருந்தே மேலோட்டமான விசுவாசம்தான் என்றார். ஆரம்பத்திலேயே அது அவருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க என்னை விட்டிருப்பாரா? தெரியவில்லை என்றால், இப்போது மட்டும் எப்படித் தெரிந்தது? நான் போய்விட்டேன் என்ற ஒன்றைத் தவிர இடையில் அவருக்குப் புதிதாக எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

சரி, வசனத்துக்கு வருவோம். நீங்கள் முதலில் எடுப்பது 1 யோவான் 2:19. "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை, நம்முடையவர்களாயிருந்தார்களானால் நம்முடனே நிலைத்திருப்பார்களே." கேட்டதும் தீர்ப்பு எழுதிப் பேனாவை மூடிவிட்டது போல இருக்கும். கொஞ்சம் முன்னும் பின்னும் படியுங்கள். 18-ஆம் வசனத்தில் யோவான் அந்திக்கிறிஸ்துகளைப் பற்றிப் பேசுகிறார். 22-இல் இயேசுவைக் கிறிஸ்து அல்ல என்று மறுதலிக்கிறவர்களைப் பற்றி, 26-இல் உங்களை வஞ்சிக்கப் பார்க்கிறவர்களைப் பற்றி. நான்காம் அதிகாரத்துக்குப் போனால் இயேசு மாம்சத்தில் வந்ததை அறிக்கை பண்ணாதவர்கள் வருகிறார்கள். ஆக, உள்ளே இருந்து வேறு போதனையைக் கிளப்பி, பிரிந்துபோய், மிச்சம் இருந்தவர்களையும் இழுக்கப் பார்த்த ஒரு கூட்டம். எழுதியவருக்கும் அவர்களைத் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும். ஒரு குறிப்பிட்ட பிளவின் சூட்டில் எழுதின அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு வாயைத் திறந்து ஜெபிக்க முடியாமல் போன ஒரு பெண்ணின் தலையில் வைக்கிறீர்கள். அவள் யாரையும் வஞ்சிக்கவில்லை, கட்சி கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வேதத்தை வேதத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்பது நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த விதி. அப்படியானால் விதைக்கிறவன் உவமையை எடுங்கள், அதிலும் லூக்கா 8-ஐ எடுங்கள், ஏனென்றால் அங்கே உவமைக்கு விளக்கமும் இயேசுவே சொல்கிறார், நாம் ஊகிக்க வேண்டிய வேலை இல்லை. கற்பாறையின்மேல் விழுந்த விதை யார் என்றால், வசனத்தைச் சந்தோஷத்துடன் ஏற்றுக்கொண்டு, "கொஞ்சக்காலமாத்திரம் விசுவாசித்து, சோதனைகாலத்தில் பின்வாங்கிப்போகிறார்கள்". விசுவாசித்தது போல நடித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. இதைச் சொன்னால் உடனே 'வேர் இல்லையே' என்பீர்கள். வேர் இல்லைதான். ஆனால் அதே உவமையில் முளைக்கவே முளைக்காத விதையும் இருக்கிறது. வழியருகே விழுந்து பறவைகள் கொத்திக்கொண்டு போனது. அதற்கான விளக்கம் 12-ஆம் வசனம்: அவர்கள் விசுவாசித்து இரட்சிக்கப்படாதபடிக்குப் பிசாசு வந்து வசனத்தை எடுத்துப்போடுகிறான். விசுவாசிக்கவே இல்லாதவர்களுக்கு ஒரு நிலம், கொஞ்சக்காலம் விசுவாசித்து விலகினவர்களுக்கு வேறொரு நிலம் என்று அவர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார். பிரசங்கத்தில் நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறீர்கள். நான்கு நிலம் இருந்த உவமை உங்கள் கையில் மூன்று நிலமாகிவிட்டது.

எபிரெயர் 6-ஐப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, அந்த அதிகாரம் வரும்போதெல்லாம் நீங்கள் தொண்டையைச் செருமுவதைக் கேட்டிருக்கிறேன். பிரகாசிப்பிக்கப்பட்டவர்கள், பரம ஈவை ருசிபார்த்தவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போய்விட்டு அவர்கள் மறுதலித்துப்போவதைப் பேசுகிறது. ருசிபார்த்தார்கள், விழுங்கவில்லை என்று ஒருவர் விளக்கம் சொல்லக் கேட்டேன். சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அதே நிருபம் 2:9-இல் இயேசு எல்லாருக்காகவும் மரணத்தை ருசிபார்த்தார் என்கிறதே, அங்கேயும் விழுங்காமல் விட்டாரா? 1 தீமோத்தேயு 1:19-இல் சிலர் விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள் என்று பவுல் எழுதுகிறார், இல்லாத கப்பலை யாரும் சேதப்படுத்த முடியாது. பிலேமோன் நிருபத்தில் உடன்வேலையாட்களில் ஒருவனாகப் பேர் வாங்கிய தேமா, 2 தீமோத்தேயு 4-இல் இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்துபோகிறான். விட்டுப்போனான் என்ற வருத்தம் அங்கே இருக்கிறது. அவன் என்றைக்கும் வேலையாளே இல்லை என்று பவுல் பழைய கணக்கைத் திருத்தவில்லை.

அடுத்து மத்தேயு 7. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை." இதைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும். இந்த வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று நிதானமாகப் பாருங்கள். விட்டுப்போனவர்களைப் பார்த்து இல்லை. கடைசி நாள் வரைக்கும் கர்த்தாவே, கர்த்தாவே என்று கூப்பிட்டுக்கொண்டு, உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று கேட்கிறவர்களைப் பார்த்து. அதாவது போகாதவர்களைப் பார்த்து. கதவைத் திறந்துகொண்டு போனவனுக்கு எதிராக இந்த வசனத்தை எடுப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் அது அப்பட்டமாகக் குறிவைப்பது மேடையில் நிற்கிறவர்களை.

உங்கள் பக்கமும் வசனங்கள் இருக்கின்றன, தெரியும். என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்ற யோவான் 10, எதுவும் நம்மைப் பிரிக்க மாட்டாது என்ற ரோமர் 8, நற்கிரியையைத் தொடங்கினவர் முடிய நடத்திவருவார் என்ற பிலிப்பியர் 1. இவை என்னைத் தூங்க வைத்த வசனங்கள், இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில்தான் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்கிறவர்களை லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை கண்டிக்கிறது. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547-இல் அதே கருத்தைச் சபித்தது. 1610-இல் ஹாலந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் தங்கள் ஐந்தாவது கட்டுரையில், விழ முடியுமா முடியாதா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள், அதற்குப் பதிலாகத்தான் 1618-19-இல் ஹாலந்தில் சீர்திருத்தச் சபைகளின் டார்ட் சங்கம் கூடி, மெய்யான பரிசுத்தவான்கள் முடிவுபரியந்தம் நிலைத்திருப்பார்கள் என்று தீர்மானித்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை. நீங்கள் டார்ட் பக்கம் நிற்கிறீர்கள், சரி. வாலிபர் கூட்டத்தில் அதைச் சொல்லும்போது கிறிஸ்தவம் முழுவதும் ஒரே குரலில் பேசுவது போல மட்டும் சொல்லாதீர்கள். (உங்களிலேயே இன்னொரு வகையினர், நான் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இப்போது நம்பாவிட்டாலும் பரலோகம் உறுதி என்கிறார்கள். ஒரே மாதத்தில் இருவரும் என்னிடம் பேசினால், நான் என்றைக்கும் விசுவாசி இல்லை, என்றென்றைக்கும் விசுவாசி, இரண்டும் ஒருசேர.)

ஆதிசபையில் விலகினவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. சுமார் 112-இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்ததை விவரிக்கிறார். சிலர், நாங்கள் கிறிஸ்தவர்களாக இருந்தோம், இப்போது இல்லை என்றார்களாம். சிலர் விட்டு மூன்று வருடம், சிலர் அதைவிட அதிக காலம், ஓரிருவர் இருபது வருடத்துக்கும் மேல். சபை பிறந்து நூறு வருடம் ஆகவில்லை, அதற்குள் முன்னாள் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள். உண்மைக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் அந்த ஆளுநர் எப்படிப் பிரித்தார் தெரியுமா? தெய்வச் சிலைகளுக்கும் பேரரசனின் உருவத்துக்கும் தூபம் காட்டச் சொன்னார், கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னார், ஏனென்றால் மெய்யான கிறிஸ்தவர்களை இவற்றைச் செய்ய வைக்கவே முடியாது என்று கேள்விப்பட்டிருந்தார். மெய்யான கிறிஸ்தவன் விலகமாட்டான் என்ற அளவுகோல் அங்கே ஒரு ரோம அதிகாரியின் கையில் இருக்கிறது, ஆளைக் கொல்லலாமா விடலாமா என்று தீர்மானிக்க.

சபைக்கே அந்தச் சோதனை வந்தது 250-இல், ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் பலியிட வேண்டும் என்று கட்டளை போட்டபோது. ஏராளமானவர்கள் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள், உபத்திரவம் ஓய்ந்ததும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று ரோமச் சபையின் மூப்பர் நோவேஷியன் ஒரு பக்கம், மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்துச் சேர்க்கலாம் என்று கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் ஒரு பக்கம், சபையே பிளந்தது. இவ்வளவு கடுமையான சண்டையிலும் அவர்கள் முதலில் இருந்தே உள்ளே இல்லாதவர்கள் என்று முடித்துவிடவில்லை. விழுந்தவர்கள் என்றுதான் பேர் வைத்தார்கள், திரும்பச் சேர்த்தபோது மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவும் இல்லை. முதல் ஞானஸ்நானம் செல்லும் என்பதால்தான் கொடுக்கவில்லை. கடுமை என்றால் நோவேஷியனின் கடுமையைச் சொல்ல வேண்டும், அவர்கூட விழுந்தவன் விழுவதற்கு முன் நின்றுகொண்டிருந்தான் என்பதை மறுக்கவில்லை.

அகஸ்டீனைக் கடைசியாக வைத்திருந்தேன், ஏனென்றால் உங்கள் போதனையின் வேர் அங்கே இருக்கிறது. கண்டித்தலையும் கிருபையையும் பற்றி அவர் தன் கடைசிக் காலத்தில் எழுதிய நூலில் இந்த 1 யோவான் 2:19-ஐயே எடுத்துக்கொள்கிறார். விலகினவர்கள் தேவனின் முன்னறிவில் பிள்ளைகளாக இருந்ததில்லை என்று ஒத்துக்கொள்கிறார், அதில் அவர் உங்கள் பக்கம்தான். ஆனால் அதைச் சொன்ன கையோடு அவர் தரும் காரணத்தின் சாரம் இது: அவர்கள் நீதியை நடித்ததால் அல்ல, அதில் நிலைத்திருக்காததால். அதாவது அவர்கள் வாழ்ந்தது மெய், அது முடிவுவரை நீடிக்கவில்லை. கடைசிவரை நிலைத்திருக்கும் வரம் தனக்குக் கிடைத்திருக்கிறதா என்று உயிரோடு இருக்கும் வரை எவனுக்கும் தெரியாது என்பதும் அவர்தான் எழுதியது. இதைச் சொன்னால் நான் எதிர்த்துப் பேசவே மாட்டேன். தேவனுடைய ரகசியப் புத்தகத்தில் என் பேர் இருந்ததா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு நீங்கள் நான் நடித்தேன் என்கிறீர்கள். அகஸ்டீன் திட்டமாக மறுத்தது அதைத்தான்.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் இன்னும் ஒரு படி போனார், அங்கே எனக்கு உண்மையிலேயே உதறல் எடுத்தது. 1559-இல் அவர் முடித்த பெரிய நூலின் மூன்றாம் புத்தகத்தில் தற்காலிக விசுவாசம் என்ற ஒன்றைப் பேசுகிறார். இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்படாதவர்களும் சில சமயம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைப் போலவே ஏறக்குறைய அதே உணர்வுக்கு ஆளாகிறார்கள், தங்கள் பார்வையிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. அதற்குப் பிறகு வித்தியாசங்களை விளக்க நிறையவே மெனக்கெடுகிறார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாதாரண ஆளாக இதைப் படிக்கிற ஒருவனுக்கு என்ன மிஞ்சுகிறது? நாளைக்கு நான் விலகினால் இன்றைய என் விசுவாசம் பொய்யாகிவிடும். நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே இன்று என் விசுவாசம் மெய்யா என்றும் எனக்குத் தெரியாது.

விலகினவர்களைப் பற்றி நீங்கள் சொல்லும் வரி விலகாதவர்களைத்தான் முதலில் தாக்குகிறது என்று இதனால்தான் சொல்கிறேன். நாங்கள் வெளியே இருக்கிறோம், எங்களுக்குக் கோபம் வரும், அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வலிக்கும், மற்றபடி வாழ்க்கை ஓடிவிடும். உள்ளே உட்கார்ந்து, சந்தேகம் வந்த ஒவ்வொரு ராத்திரியும், ஐயோ, அப்படியானால் நான் ஒருநாளும் இரட்சிக்கப்படவில்லையா என்று வியர்க்கிற பதினாறு வயதுப் பிள்ளையை யோசியுங்கள். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் 1666-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் பக்கம் பக்கமாக இந்த வேதனைதான், ஏசா பின்பு கண்ணீரோடு தேடியும் ஆசீர்வாதத்தைப் பெறவில்லை என்ற வசனம் அவரை நாய் துரத்துவது போலத் துரத்துகிறது. அவர் ஒருவழியாகக் கரையேறினார். வில்லியம் கூப்பர் ஏறவில்லை. இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பாடின அந்தக் கவிஞர் 1773-இல் மனம் உடைந்தபின், தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று முழுமையாக நம்பி, 1800-இல் சாகும்வரை அந்த நம்பிக்கையிலிருந்து மீளவில்லை. அவர் நோயாளி என்பீர்கள், அது உண்மை, போதனை அவரை நோயாளியாக்கியது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நோய் பேசிய பாஷையை அவருக்குக் கொடுத்தது எது?

இப்போது வெஸ்லியின் கதை. 1738 மே 24-ஆம் தேதி ஒரு கூட்டத்தில் தன் இருதயம் வினோதமாக அனல்கொண்டதாக அவர் எழுதிவைத்தது எல்லாருக்கும் தெரியும். 1766-இல் தம்பி சார்லஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தை ஏனோ யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அதில், நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருநாளும் நேசித்ததில்லை, ஆகவே கிறிஸ்தவ அர்த்தத்தில் ஒருநாளும் விசுவாசித்ததும் இல்லை என்று எழுதுகிறார். பாதியைச் சுருக்கெழுத்தில், மற்றவர் படித்துவிடாதபடி. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பிரசங்கித்தார், 1791-இல் விசுவாசியாகவே செத்தார். இப்போது எனக்குச் சொல்லுங்கள், அந்தக் கடிதத்தை எழுதிய மறுநாள் அவர் ஊழியத்தை விட்டுப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவரே ஒத்துக்கொண்டுவிட்டாரே, என்றைக்கும் விசுவாசித்ததில்லை என்று கைப்பட எழுதியிருக்கிறாரே என்பீர்கள். அவர் தங்கிவிட்டதால் அதே வரிகள் ஒரு பரிசுத்தவானின் இருண்ட இரவாகிவிட்டன. வறண்ட ஒரு நாளில் நின்று திரும்பிப் பார்க்கிறவனுக்குத் தன் கடந்த காலம் முழுதும் வறண்டதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும், அதை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது. விசுவாசத்தை விட்ட பிறகு, நான் உண்மையில் எப்போதும் நம்பினதே இல்லை, வீட்டுக்குப் பயந்து தலையாட்டினேன் என்கிறவர்கள் உண்டு. சிலருக்கு அது அப்படியே உண்மை, பேர்க் கிறிஸ்தவர்களாகவே வளர்ந்து பேரையும் கழற்றிப் போட்டவர்கள். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் சிலர் வெட்கத்தில் சொல்கிறார்கள், இவ்வளவு படித்த நானா அதை நம்பினேன் என்ற கூச்சம். அவர்களும் உங்களைப் போலவேதான், நேற்றைய ஆளை இன்றைய ஆள் வாய்பேச விடுவதில்லை. நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். அந்தக் காலத்து என்னை முட்டாள் என்றோ நடிகன் என்றோ சொல்ல எனக்கு மனமில்லை, அவன் நல்லவன்.

இன்னொன்று. நாத்திகராக இருந்து உங்களிடம் வருகிறவர்களின் சாட்சியை எப்படிக் கேட்கிறீர்கள்? ஒருவர் மேடையேறி, நான் கடவுள் இல்லை என்று சாதித்தவன், வேதத்தைக் கிழித்தவன் என்றால் சபை முழுக்க அல்லேலூயா. உன் நாத்திகம் மெய்யானதுதானா, மெய்யான நாத்திகன் இப்படி மாறியிருப்பானா என்று யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அவர் தன் மனதைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்கிறீர்கள், ஏற்க வேண்டியதும்தான். நான் எதிர்த்திசையில் நடந்ததால் மட்டும் என் மனதைப் பற்றிய என் சொல் செல்லாக்காசு ஆகிவிடுகிறதா?

சார்லஸ் டெம்பிள்டன் பேர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1940-களில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமோடு சேர்ந்து பெரிய பெரிய கூட்டங்களில் பிரசங்கித்தவர், 1946-இல் இருவரும் ஒன்றாக ஐரோப்பா போனார்கள். கேள்விகள் அரித்துக்கொண்டிருந்தன, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்தார், கேள்விகள் குறையவில்லை, 1957-இல் விசுவாசத்தை விட்டதை வெளிப்படையாக அறிவித்தார். முதிர்ந்த வயதில் ஒரு பேட்டியில் இயேசுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் இல்லாத ஏக்கம் தனக்கு இருக்கிறது என்று சொல்லி அழுதார். உங்கள் ஆட்களில் பலர் இந்தக் கண்ணீரை, பார், உள்ளுக்குள் அவருக்குத் தெரியும் என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். எது வேண்டும் உங்களுக்கு? அவருக்கு விசுவாசம் இருந்ததே இல்லையா, அல்லது கடைசிவரை உள்ளே ஒளிந்திருந்ததா? ஒருநாளும் அறியாத ஒருவருக்காக மனிதன் அப்படி ஏங்கி அழமாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரி ஏன் உங்களுக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குணமாகாதவன் எவனும் என் மருந்தைச் சாப்பிட்டவனே இல்லை என்று சொல்லும் வைத்தியர் தன் மருந்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒருவன் விலகினால் ஏன் விலகினான் என்று கேட்க வேண்டியிருக்கும். பதில் கிடைக்காத ஜெபங்களா, மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருந்த ஒரு மூப்பரா, சந்தேகம் கேட்டபோது 'அதிகம் யோசிக்காதே' என்று வாயடைத்தீர்களா, இல்லை நிஜமாகவே ஆராய்ந்து பார்த்து வேறு முடிவுக்கு வந்தானா? கடைசியாகச் சொன்னதுதான் என் கதை, அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவன் என்றைக்கும் விசுவாசியே இல்லை என்றுவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் எழாது, கோப்பு மூடியாயிற்று.

பெற்றோரைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுதல். ஆராதனை முடிந்தபின் ஒரு அம்மா உங்களிடம் வந்து, ஐயா, என் பிள்ளை சபைக்கு வருவதில்லை, நம்பிக்கையே இல்லை என்கிறான் என்று சொல்லும்போது, அவன் மெய்யாகவே இரட்சிக்கப்படவில்லைம்மா என்று ஆறுதலாகச் சொல்கிறீர்கள். ஆறுதலாகத்தான் நினைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் நம்புகிறேன். அது அவர் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? தூக்கத்தில் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தது, அவன் மழலையில் சங்கீதம் 23-ஐ ஒப்பித்தது, ஞானஸ்நானம் எடுத்த நாளில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதது, எல்லாமே பொய்யாக இருந்தது என்று விழுகிறது. மகனின் எதிர்காலத்துக்காக அழுதுகொண்டு வந்தவரிடமிருந்து கடந்த காலத்தையும் பறித்து அனுப்புகிறீர்கள். கெட்ட குமாரன் கதையைச் சொல்லுங்கள், அது தாங்கும். அதில் தூரதேசத்துக்குப் போகிறவன் போகும்போதும் மகன்தான், பன்றிகளுக்கு நடுவிலும் மகன்தான், அவன் ஒருநாளும் என் மகனாக இருந்ததில்லை என்று அந்தத் தகப்பன் அண்டைவீட்டாரிடம் சொல்லவில்லை. நான் திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை, அந்த எண்ணம் எனக்கு இல்லை. என் அம்மாவுக்கு அந்தக் கதை பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவன் நம்பினான், இப்போது நம்பவில்லை, ஏன் என்று எனக்கு முழுசாகத் தெரியவில்லைம்மா. இப்படிச் சொன்னால் உங்கள் இறையியலில் எந்தத் தூண் சாய்ந்துவிடும்? டார்ட் பக்கமே நின்றுகொண்டும் இதைச் சொல்லலாம், அகஸ்டீன் சொல்லவில்லையா?

பதில் எழுத நினைக்கிறவர்கள் தாராளமாக எழுதலாம், திட்டினாலும் படிப்பேன். ரோமர் 8-ஐயும் யோவான் 10-ஐயும் மறுபடி எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம், அவை என்னிடம் இருக்கின்றன. லூக்கா 8-இன் 12-ஆம் வசனத்தையும் 13-ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டாவது நிலத்தில் நின்றவர்கள் செய்தது விசுவாசம் இல்லையென்றால் வேறு என்ன என்று மட்டும் எழுதுங்கள்.